காசு கட்டினால் ரோடு வேகமாகுமா? விரைவுத் தடங்கள் பற்றி மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டனில் ஹயர் வேன் ஓட்டுகிறவர்கள், பேராதனையில் படிக்கும் பிள்ளைகள், கனடாவிலிருந்து வரும் சொந்தக்காரரை ஏற்றிவர இரவோடு இரவாகக் கட்டுநாயக்க போகிறவர்கள் என்று பலரும் என்னிடம் ரோட்டைப் பற்றிக் கேட்பார்கள். போக்குவரத்துப் பொறியியல் என் தொழில். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால் இங்கே சேர்த்து எழுதுகிறேன். கேள்வி அவரவர் கேட்ட பேச்சில் இருக்கிறது. ‘லேன்’ என்று அவர்கள் சொல்வதைப் பதிலில் ‘தடம்’ என்று எழுதியிருக்கிறேன்.

அண்ணே, எக்ஸ்பிரஸ் லேன் எக்ஸ்பிரஸ் லேன்னு சொல்றாங்களே, அது நம்ம கட்டுநாயக்க ஹைவே மாதிரிதானே?

இல்லை. மூன்று வேறு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். முதலாவது, முழு ரோட்டுக்குமே காசு கட்டும் அதிவேகப் பாதை. 2011இல் திறந்த தெற்குப் பாதை, 2013இல் திறந்த கொழும்பு–கட்டுநாயக்கப் பாதை, 2022 ஜனவரியில் திறந்த மீரிகம–குருநாகல் பகுதி எல்லாம் இந்த வகை. இரண்டாவது, மின்னணு முறையில் காசு கட்டுவது. அது கட்டும் விதம் மட்டும்தான். ரோட்டின் வகை அல்ல. மூன்றாவதுதான் விரைவுத் தடம். ஒரே ரோட்டில் சில தடங்கள் இலவசமாக இருக்க, அவற்றை ஒட்டியே ஒன்றிரண்டு தடங்களுக்கு மட்டும் கட்டணம் வைப்பார்கள். அவசரம் உள்ளவர் காசு கட்டி அதில் போகலாம். மற்றவர்கள் வழமைபோலப் போவார்கள்.

இந்த மூன்றாவது வகை இலங்கையில் கிடையாது. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் 91ஆம் இலக்க நெடுஞ்சாலையில் 1995 டிசம்பரில் இது தொடங்கியது. சுமார் 16 கிலோமீற்றருக்கு ரோட்டின் நடுவில் திசைக்கு இரண்டாக நான்கு புதிய தடங்கள் போட்டார்கள். காசு வாங்கும் கூண்டு ஒன்றுகூட இல்லை. நேரத்துக்கு நேரம் கட்டணம் வேறு. கீழே பல இடங்களில் இந்த 91ஐத்தான் உதாரணம் காட்டுவேன்.

கேட்டுல நிக்காம போனாலே நெரிசல் தீந்திரும்தானே? அதுக்கு மேல என்ன வேணும்?

காசு வாங்கும் கேட்டில் உள்ள நெரிசல் தீரும். அதைக் கணக்குப் போட்டே காட்டலாம். டிக்கட்டை வாங்கி, காசு எடுத்து, மிச்சம் கொடுத்து, தடுப்பைத் தூக்க ஒரு வண்டிக்கு 10 விநாடி என்று வையுங்கள். ஒரு கூண்டு மணிக்கு 360 வண்டிகளை விடும். நல்ல அதிவேகப் பாதையின் ஒரு தடமோ மணிக்கு ஏறக்குறைய 2000 வண்டிகளைக் கொண்டுவந்து சேர்க்கும். ஆக, ஒரு தடத்து வண்டிகளை வாங்க ஐந்தாறு கூண்டுகள் வேண்டும். கண்ணாடிக்கு மேலே செருகிய டிக்கட் இருக்கைக்கு அடியில் விழுந்து, அதைத் தேடி எடுத்து, 5000 ரூபாத் தாளை நீட்டுகிற ஒருவர் வந்தால் அரை நிமிடம் போய்விடும். நிற்காமல் போகும் மின்னணு முறையில் ஒரு தடத்து வண்டிகளுக்கு ஒரு தடமே போதும்.

ஆனால் ரோட்டுக்கு நடுவிலும், வெளியேறிய பிறகு வரும் முதல் சந்தியிலும் உள்ள நெரிசலுக்கும் கேட்டுக்கும் சம்பந்தமில்லை. கேட்டில் நின்ற வரிசை சில நேரம் அடுத்த சிக்னலடிக்கு இடம் மாறும், அவ்வளவுதான். விரைவுத் தடம் குறைக்க முனைவது ரோட்டுக்கு நடுவில் உள்ள நெரிசலை.

நான் டேக் ஒட்டியும் காசு கட்டுறவங்க வரிசையிலதான் நிக்கிறேன். பிறகு எதுக்கு டேக்?

கோபம் நியாயமானது. டேக் என்பது கேட்டில் நிற்காமல் காசு கழிய வண்டியில் ஒட்டும் மின்னணு ஒட்டி. டேக் உள்ளவருக்கான வழி கேட்டடியில் மட்டும் பிரிந்தால், காசு வரிசை நீளும்போது அந்த வழியின் வாயையே அடைத்துக்கொள்ளும். எவ்வளவு தூரத்துக்கு வரிசை நீளுமோ அதற்கும் முன்னாலிருந்தே தனித் தடம் பிரிய வேண்டும். கருவி வாங்குவதைவிட இந்த இடத்தை ஒதுக்குவதுதான் கடினம். வங்கி அட்டையால் கட்டினாலும் வண்டி நிற்கத்தான் வேண்டும், ஆகவே அதை மேலே சொன்ன ‘நிற்காமல் போகும்’ முறையோடு சேர்க்க வேண்டாம்.

ஓடிக்கிட்டு இருக்கிற வண்டியில எப்படி காசு புடிக்கிறாங்க?

கண்ணாடியில் ஒட்டும் டேக்குக்குள் ஒரு சிறு மின்னணுச் சில்லும் வானலைக் கம்பியும் இருக்கும். ரோட்டுக்கு மேலே நிற்கும் வளைவிலிருந்து வரும் அலை பட்டதும் அது தன் இலக்கத்தைச் சொல்லும். முன்பணக் கணக்கிலிருந்து காசு கழியும். டேக் இல்லாத வண்டியின் இலக்கத் தகட்டைக் கமெரா படம் பிடிக்கும். உரிமையாளருக்குப் பில் போகும். இந்தியாவில் 2021 பெப்ரவரியிலிருந்து தேசிய நெடுஞ்சாலைகளில் கட்டாயமாக்கிய பாஸ்டேக்கும் இத்தகைய ஒட்டிதான்.

ரோடு அதேதான், வண்டியும் அதேதான். காசு கேட்டா மட்டும் எப்படி வேகம் வரும்?

இதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படையான கேள்வி, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். ஒரு தடத்தில் வண்டிகள் கூடக் கூட, மணிக்குக் கடந்துபோகும் எண்ணிக்கையும் கூடும். ஆனால் அதற்கு ஒரு எல்லை உண்டு. ஒரு கிலோமீற்றருக்குச் சுமார் 28 கார்கள் என்ற அளவில் தடம் தன் உச்சத்தைத் தொடும். அதற்கு மேல் திணித்தால் இடைவெளி போதாமல் போகும். முன்னால் ஒருவர் பிரேக்கைத் தொட்டால், பின்னால் வருபவர் பயத்தில் இன்னும் கொஞ்சம் அழுத்தி மிதிப்பார். அவருக்குப் பின்னால் வருபவர் அதைவிட அழுத்துவார். பத்துப் பதினைந்து வண்டிக்குப் பின்னால் ஒருவர் முழுதாக நின்றுவிடுவார்.

இதை ஜப்பானின் நகோயாவில் செய்தே காட்டினார்கள். 230 மீற்றர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்களை விட்டு, எல்லாரும் மணிக்கு 30 கிலோமீற்றரில் ஓட்டுங்கள் என்றார்கள். சந்தி இல்லை, விபத்து இல்லை, ரோடு ஒடுங்கவும் இல்லை. இருந்தும் கொஞ்ச நேரத்தில் சில கார்கள் நின்றன. அந்த நிற்கும் இடம் மணிக்குச் சுமார் 20 கிலோமீற்றர் வேகத்தில் பின்நோக்கி நகர்ந்துகொண்டே இருந்தது. 2008இல் வெளியான ஆய்வு அது.

இதிலிருந்து கவனிக்க வேண்டியது ஒன்று. நெரிசல் விழுந்த ரோடு பார்வைக்கு நிரம்பி வழியும், ஆனால் மணிக்கு அதிலிருந்து வெளியேறும் வண்டிகள் நெரிசல் விழும் முன் இருந்ததைவிடக் குறைவு. அதாவது ரோடு மிக அதிகமாகத் தேவைப்படும் நேரத்தில்தான் அது மிகக் குறைவாக வேலை செய்கிறது. கட்டணத்தின் வேலை அந்த எல்லையைத் தாண்டவைக்கும் கடைசி வண்டிகளைச் சற்று நிறுத்திவைப்பது. எல்லாரையும் தடுக்க வேண்டியதில்லை. சிலர் அரை மணித்தியாலம் பிந்திப் போனால், சிலர் பஸ்ஸில் ஏறினால், சிலர் பக்கத்துத் தடத்திலேயே இருந்தால் போதும். தடம் உடையாது, அதாவது நின்று ஊரும் நிலைக்கு விழாது.

நேரத்துக்கு நேரம் கட்டணம் மாறுதாமே? இது ஆட்டோக்காரர் மழைக்கு ரேட்டு கூட்டுற மாதிரி இல்லையா?

நோக்கம் வேறு. மேலே சொன்ன எல்லைக்குள் வண்டிகளை வைத்திருக்கத்தான் கட்டணம் ஏறி இறங்குகிறது. இரண்டு முறைகள் இருக்கின்றன. கலிபோர்னியாவின் 91இல் எந்தக் கிழமை எத்தனை மணிக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே அட்டவணை போட்டிருக்கும். சான் டியேகோ நகரின் 15ஆம் இலக்கப் பாதையில் 1998இலிருந்து தடத்தில் உள்ள வண்டிகளை எண்ணிச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை கட்டணத்தை மாற்றுகிறார்கள். நுழையும் முன் பலகையில் தெரியும். பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் இலவசத் தடத்திலேயே போகலாம்.

சரியான கட்டணம் எது என்பதற்கு அளவுகோல் வேகம்தான். அமெரிக்காவில் பலர் சேர்ந்து ஏறிய கார்களுக்கென்று ஒதுக்கிய தடங்களைக் கட்டணத்துக்குத் திறக்கும்போது, நெரிசல் வேளையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு நேரம் மணிக்கு 45 மைல், அதாவது 72 கிலோமீற்றர், குறையாமல் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. சிங்கப்பூர் 1998இலிருந்து மின்னணுக் கட்டணம் வாங்குகிறது. அதன் அதிவேகப் பாதைகளுக்கு இலக்கு 45 முதல் 65 கிலோமீற்றர். அதற்குக் கீழே போனால் கட்டணம் கூடும். மேலே போனால் குறையும். 100இல் பறக்க வேண்டும் என்ற ஆசை அங்கே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

அப்போ கட்டணத்த நல்லா கூட்டி வெச்சா லேன் காலியா இருக்கும், இன்னும் வேகமாப் போகலாமே?

காலித் தடம் வீண் தடம். மணிக்கு 1600, 1700 வண்டிகளை நல்ல வேகத்தில் விடக்கூடிய தடத்தில் 400 வண்டிகள் மட்டும் போனால், மீதி எல்லாம் பக்கத்தில் நின்று புகைவிடுகின்றன. வோஷிங்டனை ஒட்டிய வேர்ஜீனியாவில் 66ஆம் இலக்கப் பாதையின் உள்நகரப் பகுதியில் 2017 டிசம்பரில் கட்டணம் தொடங்கிய முதல் நாட்களிலேயே அது 40 டொலரைத் தொட்டது. அங்கே அப்போது நெரிசல் வேளையில் எல்லாத் தடங்களுக்கும் கட்டணம் இருந்தது, தனியே காரில் போகிறவருக்கு மட்டும். அதற்கு முன் அந்த நேரத்தில் தனியாளுக்கு அந்த ரோட்டில் பொதுவாக அனுமதி இருக்கவில்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். இருந்தாலும் 40 டொலர் என்ற இலக்கம் மக்கள் மனதிலிருந்து லேசில் போகாது.

காசு கட்டாதவன் கதி என்ன? அவனுக்கு நெரிசல் கூடத்தானே செய்யும்?

விரைவுத் தடம் எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்தது. புதிதாகப் போட்ட தடம் என்றால் இலவசத் தடங்களுக்கும் ஆறுதல் கிடைக்கும், குறைந்தது சில வருடங்களுக்கு. பலர் சேர்ந்து ஏறிய கார்களுக்கென்று ஒதுக்கி, பாதி காலியாகக் கிடந்த தடத்தைக் காசு கட்டுகிறவர்களுக்கும் திறந்தால் அதுவும் நல்லதே. ஏற்கெனவே எல்லாரும் ஓடிய தடத்தைப் பிடுங்கிக் கட்டணத் தடமாக்கினால்தான் மற்றவர்கள் உடனே கஷ்டப்படுவார்கள்.

91இல் நெரிசல் உச்சமான நேரத்தில் பதிவானது இது: கட்டணத் தடங்களில் மணிக்குச் சுமார் 100 கிலோமீற்றர், பக்கத்து இலவசத் தடங்களில் 25 முதல் 30. இதை விடவும் முக்கியமானது, ஒரு கட்டணத் தடம் ஒரு இலவசத் தடத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வண்டிகளைக் கொண்டுபோனது. முன்பு சொன்ன ‘உடைந்த தடம், உடையாத தடம்’ என்ற வித்தியாசம் பக்கத்துப் பக்கத்தில் தெரிந்த இடம் அது. கட்டணத் தடத்தில் போன வண்டிகள் அத்தனையும் இலவசத் தடத்துக்கு வந்திருந்தால் அங்கே நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும்.

பக்கத்துல நெரிசல்னா எனக்கென்ன? நான் காசு கட்டி நூறுல போவேன்.

நடுவில் தடுப்பு இல்லாத இடத்தில் போக முடியாது, போகவும் கூடாது. பக்கத்துத் தடம் 20இல் ஊர்ந்துகொண்டிருக்கும்போது, அதிலிருந்து எவர் எப்போது திடீரென்று குறுக்கே விழுவார் என்று தெரியாது. அந்தப் பயத்தில் ஓட்டுநர்கள் தாமாகவே வேகத்தைக் குறைப்பார்கள். நடுவில் வெறும் வெள்ளைக்கோடு மட்டும் உள்ள ஒற்றைத் தடத்தில் இது நன்றாகத் தெரியும். அதனால்தான் 91இல் பிளாஸ்டிக் கம்பங்களை வரிசையாக நட்டுப் பிரித்தார்கள். ஒற்றைத் தடத்துக்கு இன்னொரு குறையும் உண்டு: முன்னால் ஒருவர் 60இல் போனால் பின்னால் வரும் எல்லாருக்கும் 60தான்.

நுழையும், வெளியேறும் இடங்களும் ஆபத்தானவை. கட்டணத் தடம் ரோட்டின் நடுவில், வெளியேறும் வழி ஓரத்தில். நடுவிலிருந்து ஓரத்துக்கு வர, நெரிந்த தடங்களை ஒவ்வொன்றாகக் கடக்க வேண்டும். அந்தத் தூரத்தைக் குறைவாகக் கொடுத்து அமைத்தால் விரைவுத் தடமே புதிய நெரிசலைப் பெற்றுவிடும்.

டொரொண்டோவில இருக்கிற மாமா 407ல போனா பில் வீட்டுக்கு வருதுங்கிறார். அதானே எக்ஸ்பிரஸ் லேன்?

அது முதல் கேள்வியில் சொன்ன முதலாவது வகை. 1997இல் திறந்த 407ஆம் இலக்க நெடுஞ்சாலையில், 2025 ஜூனில் இலவசமாக்கிய கிழக்குப் பகுதி தவிர, எல்லாத் தடங்களுக்கும் கட்டணம். கூண்டு இல்லை, எல்லாம் மின்னணு. அதற்குச் சமாந்தரமாக ஓடும் 401இல் எக்ஸ்பிரஸ் என்ற பெயரிலேயே தடங்கள் உண்டு, அவை இலவசம். நெடுந்தூரம் போகிறவர்களை அடிக்கடி வெளியேறுகிறவர்களிடமிருந்து பிரிப்பதற்காக மட்டும் அப்படி அமைத்தார்கள்.

தோட்டத்து சனம் பஸ்லதான போகுது? பணக்காரன் சீக்கிரம் போக நாங்க ஏன் இதப் பத்திப் பேசணும்?

பேச வேண்டியவர்கள் நாம்தான். ஹட்டனிலிருந்து கொழும்புக்கு வேலைக்குப் போகும் பிள்ளை, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பஸ்ஸில் நின்றபடியே வருகிறது. அந்த பஸ் அவிசாவளையைத் தாண்டும் வரை கார்களுக்கு நடுவில் நிற்கிறது. 50 பேர் ஏறிய பஸ்ஸும் ஒருவர் ஏறிய காரும் ஒரே வரிசையில் ஒரே நேரம் காத்திருப்பதுதான் இப்போதுள்ள அநியாயம். விரைவுத் தடம் அதைக் கூட்டவும் செய்யலாம், குறைக்கவும் செய்யலாம்.

குறைக்கும் வழி இது. சான் டியேகோவில் விரைவுத் தடத்திலேயே பஸ்கள் ஓடுகின்றன. கார்க்காரர் கட்டும் காசில் ஒரு பங்கு அந்தப் பாதையின் பஸ் சேவைக்குப் போனது. பல இடங்களில் இரண்டு அல்லது மூன்று பேர் ஏறிய காருக்குக் கட்டணம் இல்லை, அல்லது குறைவு. நம் கணக்கில் ஆஸ்பத்திரிக்குப் பத்துப் பேரை ஏற்றிவரும் வேனும் அதில் சேர வேண்டும். கட்டணத் தடத்தை அதிகம் பாவிப்பவர்கள் வசதியானவர்களே என்பது உண்மை. விமானத்தைப் பிடிக்க ஓடும் நாளில் எவரும் கட்டுவார்கள் என்பதும் உண்மை. ஆனால் என் நிலைப்பாட்டை ஒளிக்காமல் சொல்கிறேன்: இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் காசில்லாமல் போக முடியாத ஒரு விரைவுத் தடத்தை இந்த நாட்டில் எவர் கொண்டுவந்தாலும் நான் எதிர்ப்பேன்.

தனியார் கம்பெனிகிட்ட குடுத்தா இலவச ரோட்ட வேணும்னே கெடுத்துர மாட்டாங்களா?

நல்ல சந்தேகம். இலவசத் தடம் நெரிந்தால்தான் கட்டணத் தடத்தில் காசு. 91ஐக் கட்டிய தனியார் நிறுவனத்தின் ஒப்பந்தத்தில், பக்கத்து இலவச ரோட்டை அரசு பெருப்பிக்கக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. நெரிசலும் விபத்தும் கூடிய பிறகும் கைவைக்க முடியவில்லை. கடைசியில் 2003இல் உள்ளூர்ப் போக்குவரத்து அதிகாரசபை 20.75 கோடி டொலர் கொடுத்து அந்தத் தடங்களை வாங்கித்தான் அந்த நிபந்தனையை நீக்கியது. கட்டணம் எவ்வளவு என்று எல்லாரும் கேட்பார்கள். ஒப்பந்தத்தில் இப்படி ஒரு வரி இருக்கிறதா என்று கேட்பவர்கள் குறைவு. முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

கடுகண்ணாவயிலயும் ரம்பொடயிலயும் ஒரு லேன் போட்டா என்ன?

எதைப் பிரிப்பது? அங்கே பெரும்பாலும் மேலே ஏற ஒரு தடம், கீழே இறங்க ஒரு தடம். இலவசத் தடம் ஒன்று பக்கத்தில் இல்லாமல் விரைவுத் தடம் என்ற பேச்சுக்கே இடமில்லை. காசு கட்டியவரும் கட்டாதவரும் ஒரே லொறிக்குப் பின்னால்தான்.

மலை ரோட்டின் நெரிசலே வேறு சாதி. சீமெந்து ஏற்றிய லொறி முதலாம் கியரில் முனகிக்கொண்டு ஏறும். பின்னால் பஸ், அதற்குப் பின்னால் வேன், அதற்குப் பின்னால் இருபது முப்பது வண்டிகள். முந்த முழு நேர்ரோடு இல்லை. வளைவு தெரிந்ததும் துணிந்தவர் வெளியே எட்டிப் பார்ப்பார், ஹோர்ன் கேட்டு உள்ளே வருவார். ஏற்றத்தில் அந்த ஒரு லொறி பல கார்களுக்குச் சமம். அதற்குத் தேவை ஏற்றத்தில் சில நூறு மீற்றருக்கு ஒரு கூடுதல் தடம், லொறி ஒதுங்க இடம், பஸ் ரோட்டிலேயே நின்று ஆள் ஏற்றாமல் இருக்க நிறுத்துமிடம். எல்லாம் பழைய வைத்தியம், மின்னணு எதுவும் இல்லை. ஆனால் மலைச்சரிவை வெட்டினால் மண்சரிவு அபாயம் கூடும் என்பதால், எங்கே வெட்டலாம் என்பதை மண்ணைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

மத்திய அதிவேகப் பாதை கண்டிப் பக்கம் வந்துட்டா, டேக்கும் வந்துட்டா, கண்டி டவுன் நெரிசல் தீருமா?

தீராது, கவனிக்காவிட்டால் கூடும். பொத்துஹெரவிலிருந்து கலகெதர நோக்கித் திட்டமிட்ட கிளைதான் கண்டிக்கானது. அது முடிந்து, மணிக்கு 1500 வண்டிகள் நிற்காமல் வந்து சேர்கின்றன என்று வையுங்கள். இறங்கும் இடத்துச் சந்தி 800ஐத்தான் விடும் என்றால், ஒரு மணித்தியாலத்தில் 700 வண்டிகள் தேங்கும். வண்டிக்கு 7 மீற்றர் என்றாலும் ஒற்றை வரிசையில் கிட்டத்தட்ட 5 கிலோமீற்றர். வரிசை அதிவேகப் பாதைக்குள்ளேயே நீளும். 100இல் வருகிறவர் வளைவு திரும்பியதும் நிற்கும் வரிசையைக் காண்பது மிகவும் ஆபத்தானது.

கேட்டில் மெதுவாகக் காசு வாங்கும்போது அந்தக் கேட்டே வண்டிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருந்தது. அதை நீக்கினால் நகரம் எவ்வளவு தாங்கும் என்பதை வேறு வழியில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

டித்வா நேரத்துல மாதிரி ரோடெல்லாம் மூடிட்டா அப்பவும் காசு கேப்பாங்களா?

கேட்கக் கூடாது. புளோரிடாவில் சூறாவளிக்கு மக்கள் வெளியேறும்போது கட்டணத்தை நிறுத்திவைப்பது வழமை. பெரிய விபத்து நடந்தால் விரைவுத் தடத்தை எல்லாருக்கும் திறந்துவிடும் இடங்களும் உண்டு. எந்த நிலையில், யார் உத்தரவில் கட்டணம் நிற்கும் என்பதை முன்கூட்டியே விதியாக எழுதி வைக்க வேண்டும். 2025 நவம்பரில் டித்வா சூறாவளியின்போது பார்த்ததுபோல ஒரே இரவில் மலை ரோடுகள் அடைபடும்போது அனுமதிக் கடிதத்துக்காகக் காத்திருக்க முடியாது.

ரோடு வேகமானா இன்னும் வண்டி வரும். பத்து வருஷத்துல திரும்ப நெரிஞ்சிரும். அப்போ எதுக்கு இவ்வளவு செலவு?

இலவச ரோட்டைப் பெருப்பித்தால் நீங்கள் சொல்வதுதான் நடக்கும். வேகமானதும் புதிய வண்டிகள் வரும், மீண்டும் நிரம்பும். கட்டணத் தடத்தில் ஒரு வித்தியாசம் உண்டு: வண்டிகள் கூடும்போது கட்டணமும் கூடி, அந்த எல்லைக்குள்ளேயே நிற்கும். ஸ்டொக்ஹோமில் 2006இல் சில மாதங்கள் நகருக்குள் நுழையக் கட்டணம் வாங்கிப் பரீட்சித்தார்கள். போக்குவரத்து ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. பரீட்சை முடிந்து கட்டணத்தை நிறுத்தியதும் வண்டிகள் திரும்ப வந்தன. 2007இல் நிரந்தரமாக்கியதும் மறுபடி குறைந்தன. அதாவது கட்டணம் இருக்கும் வரைக்கும்தான் பலன். இலவசத் தடங்களுக்கோ எந்தக் காவலும் இல்லை, அவை திரும்ப நெரியும்.

கடைசியா ஒண்ணு சேர். நம்ம நாட்டுல எங்க போடலாம்?

தனி விரைவுத் தடம் இப்போதைக்கு எங்கும் வேண்டாம் என்பது என் கருத்து. அதற்குத் திசைக்கு மூன்று தடமாவது இருக்க வேண்டும், ஒவ்வொரு நாளும் நெரிய வேண்டும், நம்பகமான பஸ் ஓட வேண்டும். ஆனால் நம் அதிவேகப் பாதைகளில் ஏற்கெனவே காசு வாங்குகிறார்கள். அந்தக் கட்டணத்தையே நேரத்துக்கேற்ப மாற்றலாம். நீண்ட விடுமுறை முடிந்து எல்லாரும் ஞாயிறு மாலை ஒன்றாகக் கொழும்புக்கு இறங்கும்போது, மதியத்துக்கு முன் போகிறவருக்குக் கழிவு கொடுத்தால் கொஞ்சப் பேர் முந்திப் புறப்படுவார்கள். புதிய தடம் போடத் தேவையில்லை. டேக் பரவலாக இருந்தால் போதும். கேட்டில் கையால் காசு வாங்கிக்கொண்டு மணிக்கு ஒரு விலை சொல்ல முடியாது. பஸ்ஸுக்கு மட்டும் எந்த நேரமும் குறைந்த கட்டணமே இருக்கட்டும்.